மலைமேல் ஓர் ஊர் – 11: யாருடைய மலை?

சென்ற வாரம் 1924 ஜூலை வெள்ளத்தில் மூணாறு அழிந்து கிடந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று கேரளத்தில் இன்றும் சொல்லப்படும் அந்தப் பெருமழை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. பூயம்குட்டி வழியாக ஆலுவாவுக்கு இறங்கிய பழைய பாதையும் மண்ணுக்குள் போனது. ரயில் திரும்பவே இல்லை.

பாதை திரும்பியது, ஆனால் அதே தடத்தில் அல்ல. திருவிதாங்கூர் அரசு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதிய சாலை வெட்டியது. 1931-இல் மகாராணி சேது லட்சுமி பாயி அதைத் திறந்துவைத்தார். 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே பாலமும் எழுந்தது. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மூணாற்றுத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் ஆலுவாத் தொழிற்சாலைகளுக்குப் போனது.

இந்த மூன்று ஆண்டுகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை மூணாற்றின் வாசல் கிழக்கே போடிநாயக்கனூர்தான். அரிசியும் பருப்பும் துணியும் போடியிலிருந்து குரங்கணி அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறின. தேயிலைப் பெட்டிகள் அதே வழியில் கம்பிவடத்தில் இறங்கின. புதிய சாலை வந்தபின் தேயிலை மேற்கே கொச்சிக்கு இறங்கியது. மின்சாரமும் மேற்கே போனது.

மக்கள் மட்டும் கிழக்கிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள்.

செல்வம் ஒரு பக்கம் இறங்குகிறது, உழைப்பு மறுபக்கம் ஏறுகிறது. முடியாட்சி இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. மொழியைக் கொண்டு மாநில எல்லை வரையும் காலம் வந்ததும் இந்தச் சின்ன மலையூர் இரண்டு பக்கமும் இழுபட்டது. இந்த வாரம் பார்க்கப்போவது 1954 முதல் 1956 வரையான அந்த இரண்டு ஆண்டுகளை.

* * *

லயத்தில் பிறந்தவர்கள்

முதலில், இழுபட்ட அந்த மக்கள் யார்?

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு தலைவரிடமிருந்து 227 சதுர மைல் மலையைக் குத்தகைக்கு எடுத்தபோது அங்கே இருந்தவர்கள் முதுவர்களும் அஞ்சுநாட்டு மக்களும்தான். காப்பியும் சின்கோனாவும் தோற்றுத் தேயிலை நிலைத்தபின் ஆள் தேவைப்பட்டது, ஆயிரக்கணக்கில். ஆள் சேர்க்கும் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளுக்கு இறங்கினார்கள். முன்பணம் கொடுத்தார்கள். மழை பொய்த்த ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களை மலையேற்றினார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லாத தலித் மக்கள்.

மேலே வந்தவர்களுக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஓர் அறை கிடைத்தது. வேலை இருக்கும்வரை அறை. கொழுந்து கிள்ளும் கை ஓய்ந்தால், வீட்டில் வேறொரு கை பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டி பானையோடு மலையிறங்க வேண்டும். 1951-இல் நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. வீடு, மருத்துவம், பள்ளி எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக்கிய நல்ல சட்டம் அது. ஆனால் அந்தச் சட்டத்திலும் வீடு வேலையோடு ஒட்டியே நின்றது. தொழிலாளி வாங்கிக்கொள்ள மூணாற்றில் நிலம் என்று ஒன்று இல்லை. கடைத்தெரு நின்ற மண்கூடத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய கண்ணன் தேவன் கம்பெனியின் பிடியில்தான் இருந்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில பத்திகள் கழித்து மூன்று அறிஞர்கள் இம்மக்களின் தலைவிதியை எழுதுவார்கள். அவர்கள் தீர்ப்பின் ஆணிவேர் இந்த லயத்து அறைதான்.

1950-களின் தொடக்கத்தில் மலையிலேயே பிறந்து மலையிலேயே புதைக்கப்பட்ட தலைமுறைகள் இருந்தன. ஊருக்கு நடுவே மூன்று மேடுகள். ஒன்றில் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் பள்ளிவாசல். மூன்றிலும் திருவிழாப் பேச்சு தமிழில்தான். பொங்கலுக்கும் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கீழ்நாட்டுக்குப் போய்வந்தார்கள் என்பதும் உண்மை. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஓணத்துக்கு மலபார் போய்வருகிற எவரையும் ‘நீ இந்த ஊர்க்காரன் இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை.

* * *

1954: பன்னிரண்டு பேர்

திருவிதாங்கூரின் தமிழர் அரசியல் மூணாற்றில் தோன்றியதல்ல. 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தோன்றியது. சாம் நத்தானியேல் போன்றோர் ஊன்றிய அமைப்பு மறு ஆண்டே ‘திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்’ ஆயிற்று. வழக்கறிஞர் நேசமணி அதன் முகமானார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தமிழ் வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கும் தென்கோடியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தேவிகுளமும் பீர்மேடும் வடக்கே வெகுதொலைவில். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கும் மூணாற்றுக் கொழுந்துக்காரிக்கும் இடையே மொழி ஒன்று. வாழ்க்கை வேறு. இந்தக் கோரிக்கையின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருந்தன.

1954 தொடக்கத்தில் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 117 இடங்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நேசமணியின் கட்சி 12 இடங்களை வென்றது. தேவிகுளமும் அவற்றில் சேர்த்தி. 19 உறுப்பினர்களை மட்டுமே வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில் முதலமைச்சரானார்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு பட்டத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. திவான் சர் சி.பி.யை எதிர்த்துச் சிறை சென்றவர். மன்னராட்சியிடம் பொறுப்பாட்சி கேட்டுப் போராடியவர். அப்படிப்பட்டவர் தமிழர் கிளர்ச்சியைக் கையாண்ட விதம்தான் இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துகிற பகுதி.

முந்திய டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்துவிட்டது. பசல் அலி தலைவர். எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் உறுப்பினர்கள். ஆணையம் ஊர் ஊராக வரும், மனுக்களை வாங்கும், மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே தேவிகுளத்தில் யார் எவ்வளவு பேர், யார் எவ்வளவு உரக்கக் கேட்கிறார்கள் என்பதற்கெல்லாம் திடீரென்று எடை கூடியது.

தோட்டங்களில் கெடுபிடி தொடங்கியது. கூட்டங்களுக்குத் தடை. கைது. போலீஸ் அடிக்கிறது என்ற செய்தி மலையிலிருந்து நாகர்கோவிலை எட்டியது. 1954 ஜூலையில் நேசமணி, அப்துல் ரசாக் முதலிய தலைவர்கள் தேவிகுளத்துக்கே போனார்கள். தடையை மீறினார்கள். கைதானார்கள்.

தென்கோடி கொதித்தெழ அது போதுமானதாக இருந்தது.

* * *

ஆகஸ்ட் 11

மூணாற்றில் விழுந்த அடிக்கு மார்த்தாண்டத்தில் இரத்தம் சிந்தியது. ஒரு மாதம் கடையடைப்பும் மறியலுமாகப் போனது. ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடும்படி கட்சி அழைத்தது. ஊர்வலங்கள் புறப்பட்டன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியைத் தூக்கியது. தமிழர்கள் பலர் அங்கேயே செத்து விழுந்தார்கள்.

அந்தத் துப்பாக்கிச் சத்தம் டெல்லி வரை கேட்டது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சொந்தக் கட்சியின் முதலமைச்சரைப் பார்த்தே பதவி விலகச் சொன்னார். சுதந்திர நாட்டில் மக்களைச் சுடுகிற அரசை ஒரு சோஷலிஸ்ட் நடத்தக்கூடாது என்பது அவர் நிலை. பட்டம் விலகவில்லை. கட்சிக்குள் விழுந்த பிளவு ஆறவுமில்லை.

தமிழ்நாட்டில் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் தேவிகுளம்–பீர்மேடு முழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சென்னையில் காமராசர் முதலமைச்சராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. குளமோ மேடோ எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசியதாக ஒரு பேச்சு இன்றுவரை தமிழ்நாட்டு மேடைகளில் அவர்மேல் குற்றச்சாட்டாக உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, நாகர்கோவில் கேட்ட அளவு உரத்த குரலில் சென்னை அரசு அந்த இரண்டு வட்டங்களைக் கேட்கவில்லை என்பது என் கணிப்பு.

* * *

ஐந்து ஏக்கர்

இனி வருவது அதிகம் பேசப்படாத திருப்பம்.

1955 ஜனவரி. நெடுங்கண்டத்துக்கு அருகே கல்லாரில் பட்டம் தாணு பிள்ளை ஒரு குடியேற்றத்தைத் தொடங்கிவைத்தார். ஹைரேஞ்ச் குடியேற்றத் திட்டம் என்று பெயர். சமவெளியிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம். காடு திருத்து, பயிர் செய், தங்கு. அந்த இடம் இன்றும் ‘பட்டம் காலனி’தான். மறையூர், காந்தளூர்ப் பக்கமும் இப்படிக் குடும்பங்கள் ஏற்றப்பட்டன.

அரசு சொன்ன காரணம் உணவுப் பஞ்சமும் நிலப் பசியும். அது பொய்யல்ல. கேரளக் கடற்கரை நாட்டில் கால் வைக்க இடமில்லாத நெருக்கடி. மீனச்சில், மூவாற்றுப்புழைப் பக்கத்து ஏழை விவசாயி காட்டைப் பார்த்து ஏங்கியது இயல்பு. மேலே போனவர்கள் மலேரியாவிலும் யானைக் காலடியிலும் பட்ட பாடு சாதாரணமல்ல. பின்னாளில், 1961-இல், வெளியேற்றப்பட்ட குடியேறிகளுக்காக இதே மலைநாட்டின் அமராவதியில் ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது. அந்தக் குடும்பங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். எல்லையைத் தீர்மானிக்கும் ஆணையம் நாட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லையோர வட்டங்களில் மலையாளம் பேசுவோர் எண்ணிக்கையைக் கூட்டுவது திட்டத்தின் இன்னொரு நோக்கம் என்பது அன்றே பேசப்பட்டது. கேரள ஆய்வாளர்களே பின்னர் அதை எழுதியிருக்கிறார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. அரை நூற்றாண்டாகத் தேயிலை கிள்ளிய குடும்பத்துக்கு ஓர் அறை, அதுவும் வேலை உள்ளவரை. அன்று காலை மலையேறிய குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர், என்றைக்குமாக. இரண்டும் ஒரே அரசின் நிழலில், ஒரே மலைத்தொடரில். யார் நிலையான குடி, யார் வந்துபோகும் குடி என்ற கேள்விக்கு விடை மண்ணிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

பட்டத்தின் ஆட்சி அதற்குப்பின் நீடிக்கவில்லை. 1955 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நம்பிக்கை இழந்தது. பனம்பிள்ளி கோவிந்த மேனோன் முதலமைச்சரானார்.

* * *

72

1955 செப்டம்பர் 30. மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கையைக் கொடுத்தது.

தென்கோடியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. நாகர்கோவிலில் கொண்டாட்டம்.

தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு.

ஆணையத்தின் மேசையில் 1951 கணக்கெடுப்பு இருந்தது. தேவிகுளம் வட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 72 பேர் தமிழ் பேசுவோர். பீர்மேட்டில் சுமார் 44. பீர்மேட்டின் எண்ணைப் பார்த்து இரு பக்கமும் வாதாடலாம். 72-ஐப் பார்த்து வாதாட என்ன இருக்கிறது?

இருந்தது. திருவிதாங்கூர்–கொச்சி தரப்பு சொன்னது இதுதான்: இவர்கள் தோட்டக் கூலிகள். பிழைக்க வந்தவர்கள், போகிறவர்கள். இந்த மண்ணின் நிலைத்த குடிகள் அல்லர். ஆணையம் அந்த வாதத்துக்குச் செவிசாய்த்தது. கூடவே பொருளாதாரக் காரணங்கள். தேயிலை, ஏலம், நீர்மின்சாரம், நெருக்கடி மிகுந்த கேரளத்துக்குக் குடியேற இடம் தரும் மலை. தெற்கே வட்டம் வட்டமாக மொழிக் கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள், வடக்கே வந்ததும் மொழிக் கணக்கைத் தாண்டிப் போனார்கள்.

பணிக்கர் மலையாளி என்பதால்தான் இப்படி ஆயிற்று என்று தமிழ்நாட்டில் பலர் எழுதினார்கள். எனக்கு அது போதவில்லை. அதே பணிக்கர் கையெழுத்திட்ட அறிக்கைதான் கன்னியாகுமரியைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது. நெற்களஞ்சியமான நாஞ்சில் நாட்டை இழக்கத் திருவனந்தபுரத்துக்கு மனமே இல்லை. ஆனாலும் கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே தமிழனுக்கு வயல் இருந்தது, வீடு இருந்தது, பட்டா இருந்தது. மூணாற்றுத் தமிழனிடம் இவை எதுவும் இல்லை. அவன் வாங்க முடியாதபடி மலை முழுவதையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்ததும், வீட்டை வேலையோடு கட்டியதும் அவன் செய்ததல்ல. நிலைக்க விடாமல் வைத்துவிட்டு, நிலைக்கவில்லை என்று தீர்ப்பெழுதினார்கள்.

இது மூணாற்றில் மட்டும் நடந்ததல்ல. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இதே கங்காணிகளின் கைபிடித்து, இதே மாவட்டங்களிலிருந்து இலங்கையின் கண்டி, நுவரெலியா மலைகளுக்குப் போனவர்களுக்கு 1948-இல் என்ன நேர்ந்தது? டி. எஸ். சேனநாயக்க அரசின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. அங்கேயும் சொல்லப்பட்டது இதே காரணம்தான்: வந்துபோகிறவர்கள், இந்த மண்ணில் வேரில்லாதவர்கள்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது அடுத்த பகுதிக்கு மிகவும் முக்கியம். மூணாற்றுத் தொழிலாளி மாநிலத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அவன் இந்தியக் குடிமகன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் வாக்கு இருந்தது.

முதுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிக்கும் கங்காணிக்கும் முன்பே இம்மலையில் வாழ்ந்தவர்கள், மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்பவர்கள், தமிழை ஒட்டிய பேச்சைப் பேசுபவர்கள். நிலைத்த குடி யார் என்று அந்த இரண்டாண்டும் நாடே விவாதித்தது. அந்த விவாதத்தில் அவர்கள் குரல் எங்கும் ஒலிக்கவில்லை.

* * *

1956 நவம்பர் 1

அறிக்கைக்குப்பின் ஓராண்டு இழுபறி. தேவிகுளம் கேட்டு ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடிக்கொண்டே இருந்தார்கள். 1956 மார்ச்சில் பனம்பிள்ளி அரசும் கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. எல்லைக் கோடு மட்டும் நகரவில்லை.

நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. கன்னியாகுமரி தமிழ்நாட்டு மாவட்டமாயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பஸ், களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கத் தொடங்கியது. மூணாற்றுக்காரனுக்கோ போடிமெட்டுக்கு அப்பால் இருந்த தாத்தா வீடு வெளிமாநிலம் ஆனது.

தெற்கத்தியத் தலைவர்கள் தங்கள் மாவட்டத்தோடு போய்விட்டார்கள். தாங்கள் வாக்களித்து வளர்த்த கட்சி கலைந்தபோது தேவிகுளத்துத் தமிழர்களுக்கு மிஞ்சியது யார்? ஒரு பக்கம் காங்கிரஸ் தொழிற்சங்கம். மறுபக்கம் செங்கொடிச் சங்கம். இரண்டும் லயங்களில் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தன. போனஸ், கூலி, பிள்ளைக்குப் பள்ளி. எல்லைப் பேச்சு அடங்கி வயிற்றுப் பேச்சு எழுந்தது.

1957 தேர்தலில் 126 இடங்களில் 60-ஐக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. ஐந்து சுயேச்சைகளின் துணையோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி அமைத்தார். கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் புதிய உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்த தற்காலிகச் சபாநாயகர் ரோசம்மா புன்னூஸ். அவர் வென்றுவந்த தொகுதி தேவிகுளம்.

வழக்கு வந்தது. எதிர் வேட்பாளர் பி. கே. நாயரின் வேட்புமனுவை நிராகரித்தது தவறு என்று தீர்ப்பு. ரோசம்மாவின் வெற்றி செல்லாமல் போனது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். ஒவ்வோர் இடமும் உயிராக இருந்த அரசுக்கு இந்த ஓர் இடம் கழுத்துக்கு வந்தது. இரு தரப்பும் மலையேறின. மலையாளத்தில் எவ்வளவு பேசினாலும் லயத்து வாசலைத் தாண்டாது என்பது சில நாளிலேயே தெரிந்துவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சி மலைக்குக் கிழக்கே ஆள் தேடியது. தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியமும் கையுமாக ஒரு பாட்டுக்காரர் புறப்பட்டார். பெயர் பாவலர் வரதராசன்.

வந்துபோகிறவர்கள் என்று மூன்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அதே மக்களிடம் திருவனந்தபுரம் இப்போது வாக்குக் கேட்டு வந்திருக்கிறது. தங்களைக் கேட்காமல் எல்லை கிழித்த அரசியலுக்கு அவர்கள் அந்த மே மாதம் என்ன பதில் சொன்னார்கள்?

(தொடரும்)